ஓர் அழைப்பும் ஒரு பரிவர்த்தனையே

வங்கித் துறையில் 'பரிவர்த்தனை' என்னும் சொல்லுக்குப் பொருள் தெளிவானது. ஒரு கணக்கில் பணம் கழிக்கப்படுவதும் மற்றொரு கணக்கில் அது வரவு வைக்கப்படுவதும் சேர்ந்ததே ஒரு பரிவர்த்தனை. அது முழுமையாக நிறைவேற வேண்டும். இல்லையேல் நடவாதது போலப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பாதி வழியில் நிற்பதற்கு அங்கே இடமில்லை. இதே சொல்லை, ஏறத்தாழ இதே பொருளில், இணையவழித் தொலைபேசித் துறையின் பொறியாளர்களும் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். நாம் ஓர் எண்ணை அழுத்துவதற்கும் மறுமுனையில் மணி ஒலிப்பதற்கும் இடையே உள்ள சில நொடிகளில் நடைபெறுவதும் ஒரு பரிவர்த்தனையே.

திருவனந்தபுரத்தின் பங்கு

இந்தப் பொருளைப் பற்றி எழுத முற்படும்போது திருவனந்தபுரம் நம் நினைவுக்கு வருவது இயல்பு. 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெக்னோபார்க் இந்நகரில் உள்ளது. நாட்டின் அவசர உதவி எண்ணான 112-க்குரிய தொழில்நுட்பக் கட்டமைப்பை உருவாக்கிய சி-டாக் நிறுவனத்தின் மையமும் இங்கேதான் இயங்குகிறது. காவல், தீயணைப்பு, மருத்துவ உதவி ஆகியவற்றை ஒரே எண்ணின்கீழ்க் கொண்டுவந்த இத்திட்டம், 2018 நவம்பரில் முதன்முதலாக இமாசலப் பிரதேசத்தில் நடைமுறைக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் கேரளமும் தமிழ்நாடும் உள்ளிட்ட மேலும் பல மாநிலங்கள் அதில் இணைந்தன.

விபத்து நேர்ந்த இடத்திலிருந்து ஒருவர் 112-ஐ அழைக்கிறார் எனக் கொள்வோம். அந்த அழைப்பு வழியில் தொலைந்துபோனால் உதவி வாராது. ஒரே அழைப்பு இரண்டாகப் பதிவானால் ஓர் இடத்துக்கு இரு வண்டிகள் புறப்படும். வேறொருவருக்குக் கிடைக்க வேண்டிய வண்டி கிடைக்காமற்போகும். தொலைந்துபோகாமலும் இரட்டிக்காமலும் ஒவ்வோர் அழைப்பையும் கொண்டு சேர்ப்பது எவ்வாறு என்பதே நம் கேள்வி. வங்கிகளின் வாடிக்கையாளர் சேவை மையங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

அழைப்பின் மொழி

இன்றைய அழைப்பு மையங்கள் பலவற்றில் பயன்படுவது 'சிப்' எனச் சுருக்கமாக வழங்கப்படும் அமர்வுத் தொடக்க நெறிமுறை. இதன் முதல் வடிவம் 1999 மார்ச்சில் வெளிவந்தது. இன்றளவும் அடிப்படையாக விளங்கும் திருத்திய வடிவம் 2002 ஜூனில் வெளியாயிற்று. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், 2002 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் இணையவழித் தொலைபேசி வரையறுக்கப்பட்ட அளவில் அனுமதிக்கப்பட்டது.

இந்நெறிமுறையின் பணி இருவரைச் சேர்த்துவைப்பதும், பேச்சு முடிந்தபின் பிரித்துவைப்பதும் மட்டுமே. குரல் வேறு வழியாகச் செல்கிறது. அழைப்பவரின் கருவி 'இன்வைட்' எனும் வேண்டுகோளை அனுப்புகிறது. 'முயன்றுகொண்டிருக்கிறோம்' என்பதற்கு 100, 'மணி ஒலிக்கிறது' என்பதற்கு 180, 'எடுத்துவிட்டார்' என்பதற்கு 200 என எண்களாலான மறுமொழிகள் திரும்பி வருகின்றன. எடுத்துவிட்ட செய்தி கிடைத்ததும் அழைப்பவரின் கருவி 'ஆக்' என்னும் ஒப்புகையை அனுப்புகிறது. ஒரு வேண்டுகோளும் அதற்குரிய மறுமொழிகள் அனைத்தும் சேர்ந்ததே ஒரு பரிவர்த்தனை. பேச்சு முடிந்து தொடர்பைத் துண்டிக்கும்போது அனுப்பப்படும் 'பை' என்பது தனியொரு பரிவர்த்தனை.

ஏழு முறை கேட்டாலும் ஒரே வேண்டுகோள்

இச்செய்திகள் பெரும்பாலும் யு.டி.பி. எனும் முறையில் செல்கின்றன. ஒப்புகைச் சீட்டு இல்லாத சாதாரண அஞ்சலைப் போன்றது அது. வழியில் தொலைந்தாலும் அனுப்பியவருக்குத் தெரியாது. ஆகவே மறுமொழி வாராதபோது கருவி அதே வேண்டுகோளை மீண்டும் அனுப்புகிறது. முதலில் அரை நொடி காத்திருக்கிறது. பின்னர் 1 நொடி, 2 நொடி, 4, 8, 16 எனக் காத்திருப்பை இரட்டிக்கிறது. 32 நொடிகள் கழிந்தும் பதிலில்லை எனில் முயற்சியைக் கைவிடுகிறது. அதற்குள் ஒரே வேண்டுகோள் ஏழு முறை அனுப்பப்பட்டிருக்கும்.

இங்கேதான் நடுவில் இருக்கும் சர்வரின் பொறுப்பு தொடங்குகிறது. வந்தவை ஏழும் ஒன்றே என அது உணர வேண்டும். உணரத் தவறினால், மறுமுனைக்கு ஒரே அழைப்பு பலவாகச் செல்லக்கூடும். பணம் அனுப்பும் செயலியில் பொத்தானை இருமுறை அழுத்திவிட்டால் இருமுறை பணம் கழியுமோ என்று நாம் அஞ்சுவது இதே சிக்கலைத்தான். வங்கிகள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனியொரு குறிப்பெண் வழங்குவது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

சிப் நெறிமுறையிலும் அத்தகைய குறிப்பெண் உண்டு. 'கிளை' எனப் பொருள்படும் 'பிராஞ்ச்' என்பது அதன் பெயர். 2002-ஆம் ஆண்டு வடிவத்தின்படி, இக்குறிப்பெண் இசட், 9, எச், ஜி, 4, பி, கே எனும் ஏழு குறிகளுடன் தொடங்க வேண்டும். அவற்றைத் தொடர்ந்து அந்தப் பரிவர்த்தனைக்கே உரிய குறியீடு வரும். அந்த ஏழு குறிகளைக் கண்டதும், இது புதிய விதிப்படி அமைந்த குறிப்பெண் எனச் சர்வர் அறிந்துகொள்கிறது. அதே குறிப்பெண்ணுடன் வேண்டுகோள் மீண்டும் வந்தால், புதிதாக எதையும் தொடங்காமல், முன்னர்த் தந்த மறுமொழியையே திரும்ப அனுப்புகிறது. 200 மில்லிநொடிக்குள் இறுதி விடை கிடைக்காது எனத் தோன்றினால், உடனே 100 எனும் மறுமொழியைத் தந்துவிடுகிறது. 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்பதற்கு நிகரான அச்செய்தி கிடைத்ததும் அழைப்பவரின் கருவி வேண்டுகோளை மீண்டும் மீண்டும் அனுப்புவதை நிறுத்துகிறது.

நினைவில் வைக்கும் சர்வர்

ஜெர்மனியின் பெர்லின் நகரிலுள்ள பிரான்ஹோபர் போக்கஸ் ஆய்வு நிறுவனத்தில் 2001-ஆம் ஆண்டு உருவாகத் தொடங்கிய 'சிப் எக்ஸ்பிரஸ் ரவுட்டர்' எனும் மென்பொருள், இப்பணியைச் செய்யும் சர்வர்களுக்கு ஒரு முன்னோடி. அதன் வழித்தோன்றல்களான கமைலியோ, ஓப்பன்சிப்ஸ் ஆகியவை இன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளன. இவை எவரும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள். அதே 2001-ஆம் ஆண்டு ஜூலையில்தான் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. இத்தகைய மென்பொருளை வளர்ப்பதற்கென்றே கேரள அரசு நிறுவிய ஐசிபாஸ் மையமும் இந்நகரில் உள்ளது.

இம்மென்பொருள்கள் இருவகையாகச் செயற்படக்கூடியவை. முதல் வகையில், சர்வர் வந்த செய்தியை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறது. இது விரைவானது, செலவும் குறைவு. இரண்டாம் வகையில், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு பதிவைத் திறந்து, அது முடியும்வரை நினைவில் வைத்திருக்கிறது. அழைப்பு மையத்தில் ஒரே நேரத்தில் ஐந்து மேசைகளில் மணி ஒலிக்கச் செய்ய வேண்டுமானால் இரண்டாம் வகையே தேவை. ஒருவர் எடுத்ததும் எஞ்சிய நான்கு மேசைகளுக்கும் 'கேன்சல்' எனும் விலக்குச் செய்தியை அனுப்ப வேண்டும். எங்கெங்கே மணி ஒலிக்கிறது என்பதை நினைவில் வைத்திருந்தால்தான் அது இயலும்.

சில வேளைகளில் விலக்குச் செய்தியும் 'எடுத்துவிட்டேன்' எனும் மறுமொழியும் வழியில் ஒன்றையொன்று கடந்து செல்லும். அப்போது விலக்கு செல்லாது. எடுத்த அழைப்பு எடுத்ததே. அதனை முடிக்க வேண்டுமாயின் 'பை' அனுப்பி முறையாகத் துண்டிக்க வேண்டும். வரவு வைக்கப்பட்டுவிட்ட தொகையை அழித்தெழுதாமல், எதிர்ப்பதிவு இட்டுச் சரிசெய்யும் கணக்கியல் முறையை ஒத்தது இது.

எப்போது மறக்கலாம்?

நினைவில் வைப்பதைப் போலவே உரிய நேரத்தில் மறப்பதும் இன்றியமையாதது. நொடிக்கு 100 புதிய அழைப்புகள் வரும் சர்வரில் ஒவ்வொரு பதிவையும் 32 நொடிகள் வைத்திருந்தால், எந்நேரமும் 3,200 பதிவுகள் திறந்திருக்கும். அவற்றை மூடாமல் விட்டால் சர்வரின் நினைவகம் நிரம்பி, புதிய அழைப்புகளை ஏற்க இயலாமற்போகும்.

மிக விரைவில் மறப்பதும் தவறே. 2002-ஆம் ஆண்டு விதிப்படி, 'எடுத்துவிட்டார்' எனும் மறுமொழி சென்றவுடன் சர்வர் பரிவர்த்தனையை உடனே மறந்துவிடலாம். ஆனால் வழியில் தாமதமான பழைய வேண்டுகோள் ஒன்று அதன்பின் வந்து சேர்ந்தால், சர்வர் அதனைப் புதிய அழைப்பாகக் கருதும் நிலை ஏற்பட்டது. இக்குறை 2010-இல் திருத்தப்பட்டது. மறுமொழி சென்ற பின்னரும் வழக்கமாக 32 நொடிகள் பதிவை வைத்திருக்க வேண்டும் என்பது புதிய விதி. உலகமே ஏற்றுக்கொண்ட ஒரு நெறிமுறையில் இவ்வொரு திருத்தத்துக்கு எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

வங்கித் துறையிலும் இத்தகைய காலவரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஏ.டி.எம்.மில் பணம் வாராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அத்தொகை தானாகவே திருப்பி வரவு வைக்கப்பட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. தொலைபேசியில் 32 நொடிகள். இங்கே 5 நாட்கள். அளவுகள் வேறு, கோட்பாடு ஒன்றே. முடிவு தெரியாத நிலை எல்லையின்றி நீடிக்கலாகாது.

குறிப்பெண் சொல்லாதது

இவ்வளவு கவனத்துடன் நடைபெறும் பரிவர்த்தனையும் ஒன்றை மட்டும் உறுதிசெய்வதில்லை: அழைப்பவர் யார் என்பதை. சிப் வேண்டுகோளில் 'அனுப்புநர்' எனும் இடத்தை நிரப்புவது அழைக்கும் தரப்பே. பரிவர்த்தனையைக் கையாளும் பகுதி, செய்தி தொலையவில்லை, இரட்டிக்கவில்லை என்பதைக் கவனிக்குமேயன்றி, எழுதப்பட்ட பெயரோ எண்ணோ மெய்யானதா என ஆராய்வதில்லை. அச்சோதனையைத் தனியே அமைத்தால்தான் உண்டு. மோசடி அழைப்பும், தொழில்நுட்ப நோக்கில், குறைவின்றி நிறைவேறிய ஓர் அழைப்பே.

இதனைக் கருத்திற்கொண்டே ரிசர்வ் வங்கி, 2025 ஜனவரி 17 நாளிட்ட சுற்றறிக்கையில், வாடிக்கையாளர்களுக்குச் சேவை தொடர்பான அழைப்புகளை 1600 எனத் தொடங்கும் எண்களிலிருந்தும், விளம்பர அழைப்புகளை 140 எனத் தொடங்கும் எண்களிலிருந்தும் மட்டுமே மேற்கொள்ளுமாறு வங்கிகளைப் பணித்தது. சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று எவரேனும் கூறினால் ஐயுறுவதற்கு இது போதிய காரணம். எந்த எண் திரையில் தோன்றினாலும் ஓ.டி.பி., கடவுச்சொல், அட்டையின் இரகசிய எண் ஆகியவற்றைச் சொல்லலாகாது. ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறத்திலோ கணக்குப் புத்தகத்திலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணை நாமே அழைத்துக் கேட்பது நல்லது. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-ஐ அழைப்பதுடன் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஓர் அழைப்பைத் தவறாமல் கொண்டுவந்து சேர்ப்பது சர்வரின் கடமை. சேர்ந்த அழைப்பை நம்புவதா என்பதை முடிவு செய்வது நம் கையில் உள்ளது.