தோள் சுமக்க வேண்டாம், இடுப்பு சுமக்கட்டும்!

மலைக்குப் போகும் பெண்கள் பை வாங்குமுன் பார்க்க வேண்டியது என்ன?

கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் பூப்போல இருக்கும். கண்ணாடி முன் மாட்டிப் பார்த்தால் அழகாகவும் இருக்கும். மலையில் ஏறத் தொடங்கி இரண்டாவது மணி நேரத்தில்தான் அந்தப் பையின் சுயரூபம் தெரியும்!

"அம்மாடி... தோளே கழண்டு போச்சு!" என்று பாறையில் உட்கார்ந்து விடும் பெண்கள் உண்டு. உடம்பில் தெம்பு இல்லாமல் அல்ல. முதுகுக்குப் பொருந்தாத பை! முதல் தடவையே இப்படி ஆகிவிட்டால், "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று பையைப் பரணில் போட்டு விடுகிறார்கள். தப்பு பையின் மீது. பழி பெண்ணின் மீது!

மலைப்பாதையில் நடக்கும் ஆசைக்கு இப்போது வழியும் இருக்கிறது. தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகள். சுலபம், நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, வழிகாட்டியோடு அழைத்துச் செல்லும் ஏற்பாடு. இதில் ருசி கண்டவர்கள் அடுத்து இமயமலைக்கு டிக்கெட் போடுகிறார்கள். அங்கே நாலைந்து நாள் முதுகில் மூட்டையோடு நடக்க வேண்டும். பை விஷயத்தில் ஏமாறுவது அப்போதுதான்.

"லேடீஸ் பேக் வேணுமா?"

கடையில் என்ன நடக்கிறது?

"மலைக்குப் போறேன். லேசான பையா காட்டுங்க."

"லேடீஸுக்கா மேடம்? இதோ, பிங்க் கலர் வந்திருக்கு. 60 லிட்டர். எல்லாச் சாமானும் பிடிக்கும்!"

நிறத்தைப் பற்றிப் பேச்சு. ஜிப் எத்தனை என்று பேச்சு. பேரமும் நடக்கும். முதுகு எத்தனை அங்குலம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ரவிக்கைக்கு அளவு பார்க்கிறோம். செருப்புக்கு அளவு பார்க்கிறோம். பத்து கிலோவைத் தாங்கப் போகும் பைக்கு அளவு வேண்டாமா?

குடம் சொல்லும் பாடம்

தண்ணீர்க் குடத்தைப் பெண்கள் எங்கே வைத்துத் தூக்குகிறார்கள்? இடுப்பில். தோளில் தொங்கவிட்டுக் கொண்டு யாரும் வருவதில்லை. இடுப்பெலும்பு கெட்டியானது. பாரத்தை நேராகக் கால்களுக்கு இறக்கிவிடும். தோள் அப்படி அல்ல. கழுத்து நரம்பும் சதையும் சேர்ந்த இடம். அங்கே பாரம் ஏறினால் கழுத்து இழுக்கும், கை மரத்துப் போகும்.

நல்ல முதுகுப் பையின் ரகசியமும் இதுதான். ஏறக்குறைய முக்கால் பங்கு பாரம் இடுப்பு பெல்ட்டில் உட்கார வேண்டும். தோள் வார்கள் பையைச் சாயாமல் பிடித்துக் கொண்டால் போதும்.

இது அமெரிக்காவில் பிடிபட்ட கதை சுவையானது. கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்டி என்ற தச்சர், 1951-ல் நண்பரோடு மலைக்குப் போனார். நண்பர், பையின் மரச் சட்டத்தின் முனைகளைத் தன் கால்சட்டையின் பின்பாக்கெட்டில் சொருகிக் கொண்டார். அவ்வளவுதான், தோள் பாரம் சட்டென்று குறைந்தது! அதைப் பிடித்துக் கொண்ட கெல்டி, அலுமினியச் சட்டமும் இடுப்பு பெல்ட்டும் வைத்த பைகளை 1952-ல் விற்கத் தொடங்கினார். பைகளைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி நீனா. நம் ஊர்ப் பெண்கள் குடத்தோடு கண்ட பாடம், அங்கே தையல் மெஷினில் வியாபாரமாயிற்று!

உயரம் வேறு, முதுகு வேறு

"நான் அஞ்சரை அடி. பெரிய சைஸ் குடுங்க" என்று கேட்பது தவறு. உயரமான பெண்ணுக்கு முதுகு குட்டையாக இருக்கலாம். குள்ளமான பெண்ணுக்கு நீளமாக இருக்கலாம். அளக்க வேண்டியது முதுகைத்தான்.

எப்படி அளப்பது? தையல்காரர் டேப் ஒன்று, துணைக்கு ஒருவர். அவ்வளவுதான் செலவு.

தலையை முன்னால் குனியுங்கள். கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்தித் தெரியும். அங்கே டேப்பின் நுனி. அடுத்து, கட்டைவிரல் பின்னால் இருக்கும்படி இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வையுங்கள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்க்கும் கோடு முதுகுத் தண்டைத் தொடும் இடம் வரை அளக்க வேண்டும்.

15 அரை அங்குலம் வரை மிகச் சிறியது. 16 முதல் 17 அரை வரை சிறியது. 18 முதல் 19 அரை வரை நடுத்தரம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பையில் தொங்கும் அட்டையில் எழுதியிருப்பார்கள். முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் வசதியுள்ள பைகளும் கிடைக்கின்றன. புதிதாக நடப்பவர்களுக்கு அது நல்லது.

பெண்களுக்கென்று தனிப் பையா?

உண்டு. நிறத்தில் அல்ல வித்தியாசம்! நிஜமான பெண்கள் பையில் முதுகு நீளம் குறைவாக இருக்கும். தோள் வார்கள் நெருக்கமாகவும், மார்பை அழுத்தாமல் வளைந்தும் இருக்கும். இடுப்பு பெல்ட் பெண்களின் இடுப்புச் சரிவுக்கு ஏற்றபடி சாய்வாகத் தைக்கப்பட்டிருக்கும். இந்த மூன்றும் இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால், காசு வண்ணத்துக்குப் போகிறது என்று அர்த்தம்.

அதே சமயம், ஆண்களின் சின்ன சைஸ் பை கச்சிதமாகப் பொருந்தினால் தாராளமாக வாங்கலாம். உடம்பு ஒத்துக் கொள்வதுதான் முக்கியம்.

எத்தனை லிட்டர்?

பையின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் நடைக்கு 20, 25 லிட்டர் போதும். ஒன்றிரண்டு இரவு தங்கினால் 30 முதல் 50. அதற்கு மேல் நாலைந்து நாள் என்றால் 50, 60 லிட்டர். ஒரே நாள் நடைக்கு 60 லிட்டர் பை வாங்குவது வீண் செலவு.

பெரிய பையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இடம் இருந்தால் கை சும்மா இருக்காது. "இந்தச் சுடிதாரையும் வச்சுக்கலாம்... முறுக்கு டப்பாவும் கிடக்கட்டும்" என்று திணித்து விடுவோம். ஆகவே முதலில் சாமானைத் தரையில் பரப்புங்கள். வேண்டாததைக் கழியுங்கள். மிச்சம் இருப்பது கொள்ளும் அளவுக்குப் பை வாங்குங்கள்.

கணக்கு சுலபம். ஒரே நாள் நடை என்றால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. பல நாள் நடைக்கு ஐந்தில் ஒரு பங்கு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முறையே 5 கிலோ, 10 கிலோ. இதில் பையின் எடையும் சேர்த்தி, குடிதண்ணீரும் சேர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம்.

67 வயதுப் பாட்டி!

லேசாகப் போவதற்கு உதாரணம் வேண்டுமா? அமெரிக்காவின் எம்மா கேட்வுட் பாட்டியைச் சொல்லலாம். 11 பிள்ளைகளைப் பெற்றவர். 1955-ல், தன் 67-வது வயதில், சுமார் 3,300 கிலோ மீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தன்னந்தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். அப்படிச் செய்த முதல் பெண் அவர்தான். தானே தைத்த துணிப் பையைத் தோளில் தொங்கவிட்டுக் கொண்டார். கூடாரம் கிடையாது. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை!

அவர் கையாண்டது பை வித்தை அல்ல; சாமானைக் குறைத்த வித்தை. சுமையே கொஞ்சம் என்பதால் தோள் தாங்கியது. நாம் அதே துணிப் பையில் பத்து கிலோவைத் திணித்தால் அரை நாள் தாங்காது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லேசான பை எல்லாம் சுகமான பை ஆகாது. ஒரு கிலோவுக்கும் குறைவான சில பைகளில் உள்ளே சட்டம் இருக்காது. இடுப்பு பெல்ட் வெறும் நாடாவாக இருக்கும். ஏழெட்டு கிலோ ஏற்றினால் மொத்தமும் தோளுக்கு வந்துவிடும். புதியவர்கள் ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடையில், உள்சட்டமும் மெத்தென்ற இடுப்பு பெல்ட்டும் உள்ள பையாகப் பார்ப்பது புத்திசாலித்தனம். கனமான பழைய பாணிப் பைகள் காலியாகவே இரண்டு கிலோவைத் தாண்டும். மிச்சமாகும் ஒரு கிலோவில் ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டு போகலாமே!

கடையில் கால் மணி நேரம்

காலிப் பையை மாட்டிப் பார்த்து வாங்கவே கூடாது. "உள்ளே ஏதாவது வெயிட் போட்டுக் குடுங்கண்ணே" என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம். ஆறேழு கிலோ ஏற்றிக் கொண்டு கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள்.

மாட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் எல்லா வார்களையும் தளர்த்த வேண்டும். இடுப்பு பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பில் வரும்படி வைத்து இறுக்க வேண்டும். வயிற்றின் மேல் அல்ல, எலும்பின் மேல். அடுத்து தோள் வார். கடைசியாக மார்பு வார். அது காறை எலும்புக்கு ஓர் அங்குலம் கீழே, மூச்சு முட்டாதபடி.

இப்போது தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். சுலபமாக நுழைந்தால் பாரம் இடுப்பில் இருக்கிறது. நுழையவே முடியாவிட்டால் வேறு பை கேளுங்கள்.

நாடா முடிச்சு கவனம்!

சல்வாரின் நாடா முடிச்சு இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் மாட்டினால், மாலைக்குள் தோல் புண்ணாகி விடும். மலைக்கு எலாஸ்டிக் வைத்த கால்சட்டை நல்லது. துப்பட்டா வாரில் சிக்கும். கழுத்துச் சங்கிலி தோள் வாருக்கு அடியில் உராயும். உச்சிக் கொண்டை பையின் மூடியில் இடித்துக் கொண்டே இருக்கும். தாழ்வாகப் பின்னல் போடுவது மேல். இதையெல்லாம் கடையிலேயே சோதித்துவிட, மலைக்குப் போட்டுக் கொள்ளும் அதே உடையோடு பை வாங்கப் போவது உத்தமம்.

மழை வந்தால்?

பெரும்பாலான பைகளின் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும். மேலே போடும் உறையும் முதுகுப் பக்கத்தைக் காக்காது. பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து, அதற்குள் துணிமணிகளை வைத்தால் போதும். நாலு காசுச் செலவு. நாலு நாள் நிம்மதி.

அடுக்கும்போது படுக்கைப் பை அடியில். கனமான சாமான் நடுவில், முதுகை ஒட்டி. லேசானது மேலே. கனத்தை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னுக்கு இழுக்கும். இறக்கத்தில் கால் தடுமாறும்.

பை வாங்கியாயிற்றா? பில்லைப் பத்திரமாக வையுங்கள். சீட்டைக் கிழிக்காதீர்கள். மாற்றிக் கொடுப்பார்களா, எத்தனை நாளைக்குள் என்று வாங்கும்போதே கேட்டு விடுங்கள். வீட்டில் 5 கிலோ அரிசிப் பையையும் இரண்டு தண்ணீர் பாட்டிலையும் உள்ளே வைத்து, ஒரு மணி நேரம் மொட்டைமாடிப் படியில் ஏறி இறங்குங்கள். பக்கத்து வீட்டார் சிரிக்கலாம். சிரிக்கட்டும். தோள் வலித்தால் மறுநாளே கடைக்குப் போய் மாற்றி விடலாம். நடுமலையில் மாற்ற முடியாதே!