உங்களுக்குத் தெரியுமா? உளி பழகத் தேக்கு வேண்டாம்
புடைப்புச் சிற்பம் பழக வருபவர் முதலில் தேடுவது தேக்கு. செட்டிநாட்டுக் கதவுகளைப் பார்த்த கண்ணுக்கு அது இயல்புதான். ஆனால் பழகும் கைக்குத் தேக்கு கண்டிப்பான வாத்தியார். தேக்கிலுள்ள சிலிக்கா உளியின் கூர்மையைச் சீக்கிரம் மழுக்கும். வளர்ச்சி வளையத்துக்கு வளையம் மாறும் அடர்த்தி வெட்டின் போக்கை இழுக்கும். விலையைவிட நார் ஓட்டத்தின் சீர்மையே செதுக்கலுக்கு முக்கியம். அரும்பாவூர்ச் சிற்பிகள் வாகையிலும் மாவிலும்கூடச் செதுக்குகிறார்கள்.

மென்மையான மரத்தில் செதுக்கியது நிலைக்குமா என்று கேட்கலாம். மரச்சிற்பி கிரின்லிங் கிப்பன்ஸ் மென்மையான லிண்டன் மரத்தில் செதுக்கிய பூச்சரங்கள் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் 300 ஆண்டுகளைக் கடந்தும் இருக்கின்றன. கூரைக்கடியில் இருப்பதும் அதற்குக் காரணம். வெயிலிலும் மழையிலும் நிற்கும் தேருக்கு இந்த வாதம் செல்லாது, அங்கே இலுப்பையும் தேக்கும்தான்.