கிள்ளினால் போச்சு... புது சாமந்தி!
பல வருஷ உழைப்பு, ஒரே நிமிஷத்தில் சட்டைப் பைக்குள்!

முட்டுக்காடு,–

ஞாயிற்றுக்கிழமை வந்தால் முட்டுக்காட்டில் கூட்டம். படகுச் சவாரி முடிந்து சென்னைக்குத் திரும்புகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் வண்டியை நிறுத்துகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் பலருக்கும் கண் போவது சட்டிச் சாமந்தி மேல்தான். மஞ்சள், வெள்ளை, ஊதா, செங்கல் நிறம். இலையே தெரியாத அளவுக்குப் பூ!

வாங்கி வந்து மொட்டை மாடியில் வைக்கிறார்கள். சில வாரம் குலுங்குகிறது. அப்புறம் வெறும் குச்சி. "நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்" என்று வசவு.

நர்சரிக்காரர் மேல் மொத்தப் பழியையும் போட முடியாது. விவரம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

ராத்திரியை எண்ணும் செடி!

சாமந்திக்குக் கணக்கு தெரியும். ராத்திரி நீளமாக ஆனால்தான் மொட்டு விடும். அதனால்தான் ஓசூர், நீலகிரி பக்கம் கொட்டகை போட்டு வளர்க்கிறவர்கள் ராத்திரியில் பல்பு எரிய விட்டு செடியை ஏமாற்றுகிறார்கள். "இன்னும் பூக்கிற காலம் வரலை" என்று நினைத்து அது இலையும் தண்டுமாக வளர்கிறது. தேவையான உயரம் வந்ததும் விளக்கை அணைத்து, சாயங்காலமே கறுப்புத் துணியால் மூடி விடுகிறார்கள். "ராத்திரி நீண்டு போச்சு" என்று செடி மொட்டு விடுகிறது. இப்படிச் சொன்ன தேதிக்குப் பூ தயார்!

அப்படி வளர்ந்த செடியை நம் வீட்டு வாசலில் தெருவிளக்குக்கு நேர் கீழே வைத்தால் அது எப்படிப் பூக்கும்? தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் எழுதித்தான் நமக்குப் பழக்கம். எரிவதால் வரும் புகார் இது ஒன்றுதான்!

கடற்கரைச் செடிக்கு வேறு தொல்லைகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையில் சட்டியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். சூடு அதிகமானால் பூ தள்ளிப் போகும். உப்புத் தண்ணீரும் ஆகாது. இந்த மூன்றையும் தாங்குகிற ஒரு சாமந்தி வந்தால் இந்தச் சாலையில் செடி விற்கிறவருக்கும் நல்லது, வாங்குகிறவருக்கும் நல்லது.

அப்படி ஒரு புது ரகத்தை உண்டாக்குவது எப்படி?

கத்தரிக்கோலும் தூரிகையும்

நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூ அல்ல. சாமந்தியில் ஒவ்வொரு இதழும் தனிப் பூ. வெளிச்சுற்றில் இருப்பவை பெண் பூக்கள். நடுவில் பொட்டு மாதிரி இருப்பவற்றில் ஆண், பெண் இரண்டும் உண்டு. மகரந்தம் கிடைப்பது அங்கேதான். அடுக்குச் சாமந்தியில் நடுப்பொட்டு மிகவும் குறைவு. அதில் மகரந்தம் தேடுவது குதிரைக் கொம்பு.

சாமந்தியில் பெரும்பாலும் தன் மகரந்தம் தன் பூவில் ஒட்டாது. சொந்தத்தில் சம்பந்தம் கிடையாது! வேறு செடியில் இருந்துதான் மாப்பிள்ளை வர வேண்டும். பெண் பூவின் இதழ்களைக் கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டினால் சூல்முடி வெளியே தெரியும். அதில் மாப்பிள்ளைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, வேறு மகரந்தம் கலக்காமல் உறை போட்டு மூடுகிறார்கள். விதை முற்றியதும் எடுத்து விதைக்க வேண்டியதுதான்.

வேடிக்கை இனிமேல்தான். ஒரே பூவில் பிறந்த நூறு விதை போட்டால் நூறும் நூறு விதம்! நிறம் வேறு, உயரம் வேறு, பூக்கிற நாள் வேறு. மனுஷனுக்கு 46 குரோமோசோம். சாமந்திக்கு 54. அதுவும் ஆறு கட்டாக. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி. நூற்றுக்கணக்கில் நாற்று வளர்த்தால் ஒன்றிரண்டு தேறலாம். தேறியதையும் நுனி கிள்ளி நட்டு, வருஷா வருஷம் அதே பூ வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற தொழில் அல்ல.

லக்னோவில் காமா கதிர்

இன்னொரு வழி, காமா கதிர். இதில் பெயர் வாங்கியது லக்னோவில் உள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிலையம். வேர் விட்ட துண்டுகள் மீது கதிரைப் பாய்ச்சுகிறார்கள். சில செடிகளில் நிறம் மாறுகிறது. ஆனால் செடி முழுவதும் மாறாது. ஒரு கிளையில், சில சமயம் ஒரே பூவில் பாதி மட்டும் மாறும். மாறிய இதழை மட்டும் கத்தரித்து, சோதனைக் குழாயில் வளர்த்து, அதில் இருந்தே முழுச் செடியை எடுத்துக் காட்டினார்கள் அங்கே. ஒரு இதழில் இருந்து ஒரு செடி!

2020-ல் 'சேகர்' என்று ஒரு சாமந்தியை அந்த நிலையம் வெளியிட்டது. அது டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி நடு வரை பூக்கும். மற்ற சாமந்திகள் ஓய்ந்த பிறகு பூ தருவதுதான் அதன் மவுசு.

நம் பக்கமும் சும்மா இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.1 மஞ்சள். கோ.2 ஊதா. மதுரையின் பெயரில் எம்.டி.யு.1 உண்டு. பெங்களூர் அருகே எசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் பல ரகங்களைக் கொடுத்திருக்கிறது.

நீலச் சாமந்தி நிஜமா?

உண்டு. ஆனால் கடையில் கிடையாது! இயற்கையில் சாமந்திக்கு நீல நிறம் இல்லை. 2017-ல் ஜப்பானில் நவோனோபு நோடா என்ற விஞ்ஞானியின் குழு, மணி போன்ற பூ பூக்கும் ஒரு ஐரோப்பியச் செடியின் மரபணுவைச் சாமந்திக்குள் செலுத்தியது. வந்தது ஊதா. இன்னொரு செடியின் மரபணுவையும் சேர்த்த பிறகுதான் அசல் நீலம் வந்தது. அந்த இன்னொரு செடி எது தெரியுமா? நம் வேலியில் படர்ந்து கிடக்கும் சங்குப்பூ!

அந்த நீலம் காட்டுச் சாமந்தியோடு கலந்து விடக் கூடாது என்பதால் மலட்டுச் செடியாக ஆக்கும் முயற்சியில் இறங்கினார்கள். ஆகவே யாராவது "நீலச் சாமந்தி, அபூர்வம்" என்று கூடுதல் விலை கேட்டால் உஷார். வெள்ளைப் பூவின் காம்பைச் சாயத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருப்பார்கள். அடுத்த பூ வெள்ளையாகத்தான் வரும்.

திருடுவது சுலபம்!

இத்தனை பாடுபட்டு உண்டாக்கிய ரகத்தைத் திருட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம் போதும். நான்கு விரல் நீளத்துக்கு நுனியைக் கிள்ளி சட்டைப் பையில் போட்டால் ஆச்சு. ஈர மணலில் குத்தி வைத்தால் சில வாரத்தில் வேர். அசலுக்கும் நகலுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. பூட்டு உடையவில்லை, சுவர் ஏறவில்லை. கன்னக்கோல் திருடன்கூட பொறாமைப்படுவான்!

இதற்காகத்தான் 2001-ல் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் வந்தது. ரகம் புதிதாக இருக்க வேண்டும். மற்றதில் இருந்து தெளிவாக வேறுபட வேண்டும். எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை மாறக் கூடாது. இதைச் சோதித்துப் பதிவு செய்தால் சாமந்தி மாதிரி பயிருக்கு 15 வருஷம் பாதுகாப்பு. பதிவான பெயரைப் பொய்யாகச் சூட்டி விற்றால் 6 மாதம் முதல் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 50 ஆயிரம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்ணப்பம் போடுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் முன்பே உள்நாட்டில் விற்கத் தொடங்கி விட்டால் "புது ரகம்" என்ற தகுதி போய்விடும். நல்ல பூ கிடைத்த சந்தோஷத்தில் சந்தைக்கு ஓடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

விவசாயிக்குச் சலுகையும் உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக் கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். முத்திரை போட்ட பொட்டலமாக மட்டும் விற்கக் கூடாது. தான் உண்டாக்கிய ரகத்தைப் பதிவு செய்ய அவர் கட்டணம் கட்ட வேண்டியதும் இல்லை.

கொடுவா காட்டிய வழி

முட்டுக்காட்டுக்கு இந்த மாதிரி வேலை புதிதல்ல. இங்கே உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் நிலையத்தில்தான் 1997-ல் கொடுவா மீனைத் தொட்டியில் வைத்தே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். கழிமுகத்து உப்புத் தண்ணீரில் மீனுக்கு நடந்த முயற்சி, கரையில் உள்ள பூவுக்கும் நடக்கலாமே!

மாடியில் காய்ந்து நிற்கிற குச்சியை அதற்குள் தூக்கி எறிந்து விடாதீர்கள். பூ முடிந்ததும் தரையில் இருந்து அரை சாண் விட்டு வெட்டி, தண்ணீரைக் குறைத்து, நிழலில் வையுங்கள். தூரில் இருந்து பக்கக்கன்று கிளம்பும். பிரித்து நட்டு, ஆடி வரை நுனி கிள்ளி வாருங்கள். ஐப்பசி மழைக்குச் சட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து விடுங்கள். பத்துச் சட்டியில் எது பிழைத்து நிற்கிறதோ, அதுதான் இந்தக் கடற்கரைக்கு உங்கள் முதல் தாய்ச்செடி.

வாசல் விளக்கை மட்டும் ராத்திரியில் அணைத்து விடுங்கள்!