ஆல்ப்ஸ் மலை ஓட்டலில் இரவுச் சாப்பாடு

செர்மாட், செயின்ட் மோரிட்ஸ் போன்ற சுவிஸ் மலையூர்களில் பல நல்ல ஓட்டல்கள் அறை வாடகையோடு காலைச் சிற்றுண்டியையும் இரவுச் சாப்பாட்டையும் சேர்த்தே தருகின்றன. அங்கே இதற்கு ‘ஹால்ப்பென்சியோன்’ என்று பெயர். முதல்முறை போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் புதிராக இருக்கும். தெரிந்துகொண்டு போனால் சாப்பாடு இன்னும் ருசிக்கும்.

முதல் நாள் மாலை உங்களுக்கென்று ஒரு மேசையைக் காட்டுவார்கள். தங்கும் நாள் முழுக்க அதுதான் உங்கள் மேசை. பாதி குடித்த ஒயின் பாட்டிலில் அறை எண்ணை எழுதி எடுத்து வைத்து, மறுநாள் அதே மேசைக்குக் கொண்டுவருவது பழைய வழக்கம். அன்றைய பட்டியலைச் சில ஓட்டல்களில் காலையிலேயே கொடுத்து, ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று குறித்துத் தரச் சொல்வார்கள். சாலட், சூப், ஒரு சிறு பதார்த்தம், முக்கிய உணவு, இனிப்பு என்று நான்கைந்து சுற்றுகள் வரும். இரண்டு மணி நேரமாவது ஆகும்; அவசரப்படுத்த மாட்டார்கள், நீங்களும் அவசரப்பட வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பெரும்பாலும் ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் உட்கார்ந்துவிட வேண்டும். நம் வழக்கப்படி ஒன்பது மணிக்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். பனிச்சறுக்குக் காலணியோடு போகவும் கூடாது. பெரிய ஓட்டல்கள் சிலவற்றில் ஆண்களுக்குக் கோட்டு கட்டாயம்.

இரவுச் சாப்பாட்டுக்கு இங்கே இவ்வளவு மரியாதை வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1864-இல் செயின்ட் மோரிட்ஸின் குல்ம் ஓட்டல் உரிமையாளர் யோஹான்னஸ் பாட்ருட், கோடைக்கு வந்திருந்த ஆங்கிலேய விருந்தாளிகளிடம், “குளிர்காலத்திலும் வாருங்கள், பிடிக்காவிட்டால் வழிச்செலவு என்னுடையது” என்று பந்தயம் கட்டினார் என்பார்கள். அவர்கள் வந்தார்கள், மாதக்கணக்கில் தங்கினார்கள். நாலரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில், வெளியே முட்டளவு பனி கிடக்க, மாலைப்பொழுதைக் கழிக்கச் சாப்பாட்டுக் கூடத்தை விட்டால் வேறு இடமில்லை. 1870-களின் இறுதியில், சுவிட்சர்லாந்திலேயே முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது அந்த ஓட்டலில்தான். சொகுசு ஓட்டல் என்றாலே நினைவுக்கு வரும் சேஸார் ரிட்ஸும் மலைநாட்டுக்காரர்தான். 1850-இல் வாலே மாநிலத்தின் நீடர்வால்ட் கிராமத்தில், ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர்.

பளபளக்கும் பெரிய கூடத்தோடு, இத்தகைய ஓட்டல்கள் பலவற்றில் ‘ஸ்டூபே’ என்று ஒரு சிறிய மர அறையும் இருக்கும். என்னைக் கேட்டால் ஓர் இரவாவது அங்கேதான் சாப்பிட வேண்டும். பழைய மலைவீடுகளில் கணப்பு இருந்த ஒரே அறை இது. தாழ்ந்த கூரை, சின்னச் சின்ன சன்னல், எல்லாமே சூடு வெளியேறாமல் காப்பதற்கு. ஓடு பதித்த பெரிய அடுப்புக்கு விறகை அடுத்த பக்கத்துச் சமையலறையிலிருந்தே தள்ளுவார்கள். அதனால் புகை உள்ளே வராது. சுவரெங்கும் ஆர்வே என்ற மலைப் பைன் மரப்பலகை. பல ஆண்டுகள் கழிந்தும் பிசின் வாசனை போகாத மரம்.

அங்கே கேட்க வேண்டியது ஃபாண்டு. க்ரூயேர், வாஷரான் ஃப்ரிபூர்ஜுவா என்ற இரண்டு சீஸ்களைச் சரிபாதியாக எடுத்துச் செய்வது பெயர்பெற்ற வகை. சீஸை வெறுமனே சூடாக்கினால் புரதம் திரண்டு கட்டியாகி, கொழுப்பு தனியாக மிதக்கும். வெள்ளை ஒயினில் உள்ள அமிலம் புரதம் திரளாமல் தடுக்கிறது. கொஞ்சம் சோளமாவு அந்தக் கலவையைப் பிடித்து வைக்கிறது. தடித்த பாத்திரம் மேசைமேல் சிறு தீயில் இருக்கும். நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி அடிவரை விட்டுக் கிளறுங்கள். ஒவ்வொருவரும் கிளறினால்தான் அடி பிடிக்காது. ரொட்டி முதல்நாள் சுட்டதாக இருப்பது நல்லது, புதியது நழுவி விழுந்துவிடும். பாத்திரம் காலியாகும்போது அடியில் பொன்னிறமாக ஒரு தகடு ஒட்டியிருக்கும். பரிமாறுபவர் அதைச் சுரண்டி எடுத்துப் பங்கு வைப்பார். அது வரும்வரை எழுந்துவிடாதீர்கள்!

ஃபாண்டுவோடு குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வயிற்றில் சீஸ் உறைந்துவிடும், ஒயினோ தேநீரோதான் ஏற்றது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஒயினையும் தேநீரையும் ஒப்பிட்டு சூரிச்சில் செய்த ஆய்வு 2010-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஒயின் குடித்தவர்களுக்கு வயிறு காலியாகக் கூடுதல் நேரமானது. ஆனால் அசௌகரியம் அதிகமாகவில்லை.

ராக்லெட் இன்னும் எளியது. ஐந்து கிலோ அளவுள்ள சீஸ் வட்டை இரண்டாக வெட்டி, வெட்டுமுகத்தைத் தணலுக்குக் காட்டுவார்கள். மேற்பரப்பு உருகிக் கொப்புளிக்கத் தொடங்கியதும் கத்தியால் ஒரே இழுப்பு. தட்டில் வந்து விழும். தோலோடு அவித்த உருளைக்கிழங்கும், காடியில் ஊறிய குட்டி வெள்ளரியும் வெங்காயமும் தொட்டுக்கொள்ள. மலைமேல் மாடு மேய்த்தவர்களின் சாப்பாடு இது. 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் கிழங்கு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. மரபான க்ரூயேர் சீஸில் பால் உறையச் சேர்ப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட். சூப் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் கொதித்திருக்கும். உருளைக்கிழங்கு ரோஸ்டியில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கலாம். முட்டை, மது, ரென்னெட் இவற்றில் எது உங்களுக்கு ஆகாது என்பதை அறை பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். நல்ல ஓட்டல் அதைச் சுமையாக நினைக்காது. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் முட்டையும் சீஸும் வந்தே தீரும்.

மலைச் சமையலை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று காட்டியவர் இத்தாலியின் தென் டைரோல் பகுதியைச் சேர்ந்த நார்பர்ட் நீடர்கோஃப்ளர். சான் கசியானோ ஊரின் ரோசா ஆல்பினா ஓட்டலில், ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சையையும் ஒதுக்கிவிட்டு, மலையில் விளைவதை மட்டும் வைத்துச் சமைத்தார். கோடையில் ஊறவைத்தும் உலர்த்தியும் பதப்படுத்தியதை வைத்துக் குளிர்காலப் பட்டியலை அமைத்தார். 2017-இல் அவருடைய உணவகத்துக்கு மூன்று மிஷலின் நட்சத்திரங்கள் கிடைத்தன.

சுவிஸ் சமையலறைகளில் நம்மவர்களும் நிறைய உண்டு. 1980-களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களில் பலருக்கு முதல் வேலை கிடைத்தது உணவகங்களில்தான். பாத்திரம் கழுவத் தொடங்கிச் சமையற்காரர்களாக உயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒயின் வாடைகூடத் தெரியாமல் வளர்ந்து, ஃபாண்டுவின் பதம் கற்றுக்கொண்ட அந்த உழைப்பு பெரிது.

செலவு விஷயத்தில், சுவிஸில் 1974 முதல் பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடங்கிவிட்டது. திருப்தியாக இருந்தால் தொகையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம், கட்டாயமில்லை. ஒயின், தண்ணீர், காபி எல்லாம் பெரும்பாலும் தனிக்கணக்கு. குழாய்த் தண்ணீருக்கும் சில இடங்களில் காசு உண்டு. இரவுச் சாப்பாடு சேர்ந்த அறை எடுத்திருந்தால், ஓர் இரவு மட்டும் ஸ்டூபேயில் சாப்பிட முடியுமா, அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்களா என்று முதல் நாளே வரவேற்பில் கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். ஆனால் ஸ்டூபே சிறியது, குளிர்காலத்தில் மேசைகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.