ஷட்டரை இறக்கிவிட்டால் பணம் எங்கே?

அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் அண்ணன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் போனை என் பக்கம் நீட்டினார். மகள் ஒரு முதலீட்டுச் செயலியை ஏற்றிக்கொடுத்து, மாதம் 5,000 ரூபாய்க்கு மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி போட்டுவிட்டிருக்கிறாள். "தம்பி, இந்த ஆப்காரன் நாளைக்கு ஷட்டரை இறக்கிட்டுப் போயிட்டான்னா, நான் எந்த வாசல்ல போய் நிக்கிறது?"

சீட்டுக் கம்பெனிகளும் நிதி நிறுவனங்களும் ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரர். கேட்கத்தான் செய்வார்.

"அண்ணே, ஏஜென்சில டிக்கெட் போட்டோம். பஸ் கிளம்புறதுக்கு முன்னாடி ஏஜென்சியை மூடிட்டான். சீட்டு போயிடுமா?"

"அது எப்படிப் போகும்? பேரு சார்ட்ல இருக்குமே."

மியூச்சுவல் ஃபண்டிலும் அப்படி ஒரு சார்ட் உண்டு. அது செயலியின் கையில் இல்லை. வங்கியிலிருந்து புறப்படும் 5,000 ரூபாய் நேராக ஃபண்டின் கணக்குக்கோ, பங்குச் சந்தையின் தீர்வகத்துக்கோ போகிறது. முன்பு சில இடைத்தரகர்கள் எல்லோர் பணத்தையும் தங்கள் கணக்கில் குவித்து, பிறகு பிரித்து அனுப்புவார்கள். அதைச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தடுத்தது. 2022 ஜூலை முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஃபண்ட் வாங்கும் பங்குகளும் பத்திரங்களும்கூட ஃபண்டை நடத்தும் கம்பெனியின் பெட்டியில் இருப்பதில்லை. கஸ்டோடியன் என்ற தனி அமைப்பிடம் இருக்கும். மேலே கண்காணிக்க அறங்காவலர்கள். யாருக்கு எத்தனை யூனிட் என்ற பேரேட்டைப் பதிவாளர் நிறுவனம் எழுதுகிறது. நாட்டில் பெரும்பாலான ஃபண்டுகளுக்கு அந்த வேலையைப் பார்ப்பவை இரண்டே இரண்டு: சென்னையில் இருக்கும் கேம்ஸ், ஹைதராபாத்தில் இருக்கும் கேஃபின்டெக். டீமேட் வழியாக வாங்கித்தரும் செயலி என்றால் யூனிட்டுகள் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற டெபாசிட்டரியில் இருக்கும்.

சொன்னால் போதாது, பார்த்துவிடலாம் என்று கேம்ஸ் தளத்தைத் திறந்தோம். பான் எண், பதிவு செய்த மின்னஞ்சல், நாமே வைக்கும் ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வந்து விழுந்தது. ஃபோலியோ எண், திட்டத்தின் பெயர், மூன்று தசமம் வரை யூனிட். செயலியின் உதவியே இல்லாமல் அண்ணனின் பணம் அங்கே உட்கார்ந்திருந்தது.

ஆனால் அவர் கண் வேறு இடத்தில் நின்றது. "5,000 அனுப்பினேன். 4,999.75ன்னு போட்டிருக்கான். மீதி 25 காசு?"

முப்பது வருஷம் பையில் சில்லறை எண்ணியவர், விடுவாரா? அது முத்திரைத் தீர்வை. 2020 ஜூலையிலிருந்து மியூச்சுவல் ஃபண்ட் வாங்கும்போது 0.005 சதவீதம் அரசுக்குப் போகிறது.

25 காசைப் பிடித்தவருக்கு அதைவிடப் பெரிய ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. அறிக்கையில் திட்டத்தின் பெயரோடு 'டைரக்ட்' என்று இருக்கிறதா, 'ரெகுலர்' என்று இருக்கிறதா? ரெகுலர் என்றால் நடுவில் இருக்கும் விநியோகஸ்தருக்கு வருஷா வருஷம் கமிஷன் போகிறது. தனியாக பில் வராது. யூனிட்டின் விலையிலேயே கழிந்துவிடும், அதனால் கண்ணில் படாது. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டும் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டத்தையும் வைத்தே ஆக வேண்டும் என்பது செபி விதி. பங்குத் திட்டங்களில் இரண்டுக்கும் இடைவெளி வருஷத்துக்கு ஒரு சதவீதத்தையொட்டிக்கூட வரும். மகளும் மாதம் 5,000 வீதம் 20 வருஷம் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம் வளர்ந்தால் சுமார் 49 லட்சம். 11 சதவீதமானால் சுமார் 43 லட்சம். 12 என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண், யாரும் தந்த வாக்குறுதி கிடையாது. அந்த ஆறு லட்சத்துக்கு ஈடாக விநியோகஸ்தர் உருப்படியாக ஏதாவது செய்தால், சந்தை சரியும்போது கையைப் பிடித்து உட்காரவைத்தால், தாராளமாகக் கொடுக்கலாம். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவதோடு சரி என்றால் எதற்கு?

"அப்ப டைரக்டுல கமிஷன் இல்லை. ஆப்காரன் எப்படிப் பிழைக்கிறான்?"

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பல செயலிகளில் மியூச்சுவல் ஃபண்ட் என்பது ஆளை உள்ளே கூப்பிடும் வாசல். வருமானம் பக்கத்து அறைகளில் இருக்கிறது: பங்கு வர்த்தகத் தரகு, கடன், எல்லாவற்றுக்கும் மேலாக எஃப் அண்ட் ஓ எனும் ஊக வணிகம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை செபி ஆராய்ந்தது. எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டவர்கள்; மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செயலி ஓடிப்போய்விடும் என்ற பயத்தைவிட, அதே செயலியில் விரல் தவறி அந்த அறைக்குள் போய்விடுவோம் என்ற பயம் எனக்கு அதிகம்.

'உங்களுக்கு ஏற்ற ஃபண்ட்' என்று செயலி காட்டும் நட்சத்திரங்களையும் ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டைரக்ட் திட்டம் விற்கும் பல செயலிகள், வாங்க விற்க வழி செய்யும் தளங்களாக மட்டுமே பதிவு பெற்றவை. ஆலோசனை வேண்டுமென்றால் செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகருக்குக் கட்டணம் கொடுத்துக் கேட்பதே நேர்வழி.

"அப்ப பணம் பத்திரம்தானே?"

பேரேடு பத்திரம், அண்ணே. மதிப்புக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அடுத்த மாதமே ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்ட் நிறுவனம் ஆறு கடன் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. யூனிட் கணக்கெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, பணத்தைத்தான் நினைத்த நேரத்தில் எடுக்க முடியவில்லை. தவணை தவணையாக வந்து சேர வருஷங்கள் ஆயின. அதனால் ஓய்வுக்கால மொத்தப் பணத்தைச் செயலியில் கொட்ட வேண்டாம் என்றேன். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். எஸ்ஐபி மாதம் 5,000 அது பாட்டுக்கு ஓடட்டும்.

நிஜமாகவே ஷட்டரை இறக்கிவிட்டு ஓடுகிறவர்கள் வேறு ஆட்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, அசல் போலவே ஒரு செயலியை ஏற்றச்சொல்லி, யாரோ தனிநபரின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வார்கள். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்பார்கள். 2025 அக்டோபரிலிருந்து செபியில் பதிவு பெற்றவர்களுக்கென யூபிஐ முகவரியில் 'வேலிட்' என்ற சொல்லும், பணம் செலுத்தும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் படமும் வந்திருக்கின்றன. பெரிய தொகை அனுப்புமுன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அறிக்கையின் கடைசிப் பகுதிக்கு வந்தோம். நாமினி இடத்தில் அண்ணியின் பெயர் சரியாக இருந்தது. ஆனால் இப்படி ஒரு முதலீடு இருப்பதே அண்ணிக்குத் தெரியாதாம். இதை ஒரு பிரதி அச்செடுத்து பீரோவில் வையுங்கள், அவரிடமும் சொல்லிவையுங்கள் என்றேன்.

"பாஸ்வேர்டையும் எழுதி வைக்கணுமா?"

"பேப்பருக்கு எதுக்குண்ணே பாஸ்வேர்டு?"