விண்ணிலிருந்து வந்தவரும் வாசலில் நின்ற உளவுத்துறையும்

ஆயுத பூசை அன்று பால்மரம் வெட்டும் கத்தியைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுச் சாமி படத்தின் முன்னே வைப்போம். பக்கத்திலேயே மண்வெட்டி, வாளி, அம்மாவின் தையல் இயந்திரம், பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம் இருக்கும். லாரி ஓட்டுகிறவர் லாரிக்கு மாலை போடுவார். இத்தனைக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கும் பெயர் ஆயுதம். யாரையும் வெட்டிச் சாய்ப்பதற்காக அவற்றை வைக்கவில்லை என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். எது நமக்குச் சோறு போடுகிறதோ அது ஆயுதம்.

இந்தச் சிறு விஷயம் தெரியாமல் போனதால் உலகமே போரின் விளிம்புக்குப் போய்விடுகிறது, ஓர் ஆங்கிலப் படத்தில். 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அரைவல்’ என்னும் படம் அது. ‘வருகை’ என்று பொருள். டெட் சியாங் என்பவர் 1998-இல் எழுதிய கதையை வைத்து டெனிஸ் வில்னவ் இயக்கியது. பறக்கும் தட்டு, தீக்கதிர் துப்பாக்கி, நகரங்கள் பற்றி எரிவது என்றெல்லாம் எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். ஆனால் பயம் உண்டு. அந்தப் பயம் விண்கலத்திலிருந்து வருவதல்ல. கீழே கூடாரத்தில் நின்றுகொண்டு ஒட்டுக் கேட்கிறாரே ஒருவர், அவரிடமிருந்து வருகிறது.

கதை இதுதான். உலகின் 12 இடங்களில் கரிய, பெரிய விண்கலங்கள் ஒரே நாளில் வந்து நிற்கின்றன. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்துப் புல்வெளியில் ஒன்று. 18 மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் கதவு திறக்கிறது. உள்ளே ஏழு கால்கள் கொண்ட இரண்டு பெரிய உயிர்கள். அவை பேசுவதும் எழுதுவதும் ஒருவருக்கும் புரியவில்லை. இராணுவத்தார் லூயிஸ் என்ற மொழி ஆசிரியையை அழைத்து வருகிறார்கள். “நீங்கள் எதற்காக வந்தீர்கள்?” என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதானா? லூயிஸ் கரும்பலகை போட்டு விளக்குகிறாள். கேள்வி என்றால் என்ன என்பது முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ‘நீங்கள்’ என்பது எதிரே நிற்கும் ஒருவரையா, வந்திருக்கும் எல்லோரையுமா என்பது தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘யூ’ தான். (நாம் போயிருந்தால் ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் பிரித்துச் சொல்லியிருப்போம். ஆனால் ‘நீங்கள்’ என்றால் பல பேரா, மரியாதையா என்று அந்த ஏழுகால்காரர்கள் குழம்பியிருக்கவும் கூடும்!) ஆகவே நட, சாப்பிடு என்று சிறு பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல் தொடங்குகிறாள். மேலதிகாரிகளுக்கோ பொறுமை இல்லை.

போர் என்பதற்கு ஒரு சமஸ்கிருதச் சொல் இருக்கிறதாம். அதன் நேர்ப் பொருள் இன்னும் அதிகப் பசுக்களை விரும்புவது. படத்தின் தொடக்கத்தில் லூயிஸ் இதைச் சொல்லித்தான் தான் தேர்ந்தவள் என்று காட்டுகிறாள். நமக்கு இது புதிதல்ல. பழந்தமிழ் இலக்கணமும் போரின் முதல் கட்டத்தை ஆநிரை கவர்தல் என்றுதான் சொல்கிறது. வெட்சிப்பூ சூடி மாடு பிடிக்கப் போனவர்கள் நம் முன்னோர். ஒரு சொல்லுக்குள் எத்தனை பழைய கணக்கு கிடக்கிறது பாருங்கள்.

கூடாரத்துக்குள் சி.ஐ.ஏ. என்னும் அமெரிக்க உளவுத்துறையின் ஆள் ஒருவர், ஹால்பர்ன் என்று பெயர், உலவிக்கொண்டே இருக்கிறார். லூயிஸ் எழுதும் ஒவ்வொரு சொல்லும் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போக வேண்டும். இவரை வெறும் வில்லன் என்று தள்ளிவிட முடியாது. வந்தவர்கள் நம்மை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, மிஞ்சுகிறவரை ஆளப் பார்க்கிறார்களோ என்று சந்தேகப்படுகிறார். இந்தியாவில் வெள்ளைக்காரன் செய்ததையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அந்தச் சரித்திரம் பொய்யல்லவே! சஞ்சிக்கூலியாகக் கப்பலேறி வந்த வம்சத்தாராகிய நாம் அதை மறுக்க முடியுமா? ஹால்பர்னின் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அகராதியைத் திறந்தால் எந்தப் பக்கமும் பயமாகத்தான் தெரியும்.

அப்படியே நடக்கிறது. எதற்காக வந்தீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதிலை இங்கே ‘ஆயுதம் தருகிறோம்’ என்று படிக்கிறார்கள். சீனாவில் அதையே ‘ஆயுதத்தைப் பயன்படுத்து’ என்று படிக்கிறார்கள். அது ஆயுதமாகவும் இருக்கலாம், கருவியாகவும் இருக்கலாம், அவர்கள் மொழியில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லாமல் இருக்கலாம் என்று லூயிஸ் மன்றாடுகிறாள். கேட்பார் இல்லை. சீனர்கள் மாஜோங் காய்களை வைத்து விண்ணவரோடு பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு இன்னும் கவலை. பட்டணத்தில் சீனர் வீட்டு வாசலில் அந்தக் காய்கள் உருளும் ஓசையை நாம் கேட்டிருக்கிறோம். ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்க வேண்டும். அதை வைத்து மொழி கற்பித்தால் வருகிற பேச்செல்லாம் வெற்றி தோல்விப் பேச்சாகவே இருக்கும்.

12 நாடுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த தொலைத்தொடர்பு ஒவ்வொன்றாக அறுகிறது. காவலுக்கு நின்ற சிப்பாய்கள் சிலர், தொலைக்காட்சியில் எவனோ கத்தியதைக் கேட்டு, விண்கலத்துக்குள் வெடிகுண்டை வைத்துவிடுகிறார்கள். வெடிப்பதற்குச் சற்று முன் லூயிஸையும் அவள் தோழரையும் வெளியே தள்ளிக் காப்பாற்றுவது அந்த ஏழுகால் உயிர்தான். அது செத்தும் போகிறது.

இங்கே சற்று நிற்போம். இப்படி ஓர் உளவுத்துறை ஆள் திரையில் வந்து நின்றதும், இவர் எதையோ மறைக்கிறார் என்று நாம் உடனே நம்பிவிடுகிறோமே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

பழைய படங்கள் ஒரு காரணம். 1963-இல் வந்த நம் ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பானுமதியைத் தூக்கிப் போவார்கள், தங்கள் உலகத்துக்குக் கலை வேண்டும் என்று. மீட்கப் போகிறவர் எம்.ஜி.ஆர். உளவுத்துறைக்கு அங்கே என்ன வேலை! ஆனால் ஸ்பீல்பெர்க் 1977-இல் எடுத்த ‘குளோஸ் என்கவுன்டர்ஸ்’ படத்தில் விண்ணவர் இறங்கப்போகும் மலையைச் சுற்றி இருக்கும் ஊர்மக்களை அரசாங்கம் ஒரு பொய் சொல்லிக் காலி செய்கிறது. இரயில் கவிழ்ந்து விஷ வாயு பரவிவிட்டது என்ற பொய். கடைச் சாமான் ஏற்றும் வண்டிபோல வேடமிட்ட லாரிகளில் இராணுவத் தளவாடம் போகிறது. 1982-இல் வந்த ‘ஈ.டி.’யில் தேடிவரும் அதிகாரியின் முகத்தை வெகுநேரம் காட்டமாட்டார்கள். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் ஓசைதான் அவர் வருகிறார் என்பதற்கு அடையாளம். 2002-இல் அதே படத்தை மறுபடி வெளியிட்டபோது அதிகாரிகள் கையிலிருந்த துப்பாக்கிகளை அழித்து, பேசும் கருவிகளாக மாற்றினார் இயக்குநர். அது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

படங்கள் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நிஜமாகவே மறைத்தார்கள். 1947 ஜூலை 8-ஆம் நாள் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ராஸ்வெல் விமானப்படைத் தளம், பறக்கும் தட்டு ஒன்று தங்கள் கையில் கிடைத்திருப்பதாகப் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தது. ஒரு நாள் ஆவதற்குள் வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னார்கள். உண்மை என்ன என்பதை அமெரிக்க விமானப்படை 1994-இல் வெளியிட்டது. சோவியத் நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்தால் அந்த ஓசையை வானத்தின் உச்சியில் பிடிப்பதற்காக விடப்பட்ட இரகசிய பலூன் வரிசை அது. ‘மோகல்’ என்று அத்திட்டத்துக்குப் பெயர். பொய் சொன்னது உண்மை. ஆனால் மறைத்த பொருள் விண்ணவர் அல்ல.

1952 ஜூலையில் வாஷிங்டன் நகருக்கு மேலே அடையாளம் தெரியாத புள்ளிகள் ரேடாரில் தோன்றி நாடே பரபரத்தது. அடுத்த ஜனவரியில், 1953-இல், சி.ஐ.ஏ. ஒரு விஞ்ஞானிகள் குழுவைக் கூட்டியது. ராபர்ட்சன் என்ற பௌதிக அறிஞர் தலைவர். பறக்கும் தட்டால் நாட்டுக்கு நேரடி ஆபத்து இல்லை என்று சொன்ன அதே குழு, மக்கள் அனுப்பும் புகார்கள் பெருகி, நிஜமான எதிரி வரும் நேரத்தில் தொலைபேசிகளை அடைத்துவிடும் என்று அஞ்சியது. ஆகவே சினிமா, தொலைக்காட்சி வழியாக மக்களின் ஆர்வத்தைக் குறைக்க வேண்டும், பறக்கும் தட்டுச் சங்கங்களைக் கவனித்து வர வேண்டும் என்று ஆலோசனை கூறியது. இந்தக் கூட்டம் இரகசியம்!

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1955-இல், யூ-2 என்னும் வேவு விமானம் பறக்கத் தொடங்கியது. 60,000 அடிக்கும் மேலே போகும். அந்நாளில் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 20,000 அடிக்குக் கீழேதான் பறந்தன. பொழுது சாய்ந்து கீழே இருட்டிவிட்ட பிறகும் அத்தனை உயரத்தில் சூரியன் மறைவதில்லை. வெள்ளிபோல் மின்னும் இறக்கையில் வெயில் பட்டு, கீழே இருக்கிறவர் கண்ணுக்கு நெருப்புத் துண்டுபோல் தெரிந்திருக்கிறது. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வந்த பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் இத்தகைய வேவு விமானங்களே என்று சி.ஐ.ஏ.-யின் வரலாற்றாய்வு ஒன்று 1997-இல் கூறியது. அந்தக் கணக்கு சற்று மிகை என்று மறுப்போரும் உண்டு. எப்படியிருந்தாலும், கண்ணால் கண்டதைச் சொன்ன விவசாயிக்கு, அவன் பார்த்தது பனிப்படிகம், வானிலை மாற்றம் என்று பதில் போனது. தான் பார்த்தது பொய்யல்ல என்பது அவனுக்குத் தெரியும். பிறகு அரசாங்கம் எதைச் சொன்னாலும் அவன் நம்புவானா?

தோட்டத் துண்டாடல் காலத்தைப் பார்த்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறப் போகிறது என்ற செய்தி ஆபீசுக்குத் தெரியும், கிராணிக்குத் தெரியும், லயத்துக்குக் கடைசியில்தான் வரும். அதற்குள் பெரட்டில் ஆயிரம் வதந்தி முளைத்துவிடும். வதந்தி பரப்பியவன் மேல் பழி விழும். வாயை மூடிக்கொண்டிருந்தவர் மேல் விழாது.

இதற்கு நேர்மாறாகவும் ஒரு தடவை நடந்தது. 1967-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, வானிலிருந்து 1.33 நொடிக்கு ஒரு முறை தவறாமல் துடிக்கும் ஒரு சமிக்ஞையைக் கண்டார். அத்தனை ஒழுங்கு! பச்சை மனிதர்கள் என்று வேடிக்கையாக அதற்குப் பெயரும் வைத்தார்கள். நிஜமாகவே அப்படி இருந்துவிட்டால் யாரிடம் எப்படிச் சொல்வது என்று பேராசிரியர்கள் கூடிப் பேசினார்கள். பெல்லுக்கோ, தன் பட்ட ஆராய்ச்சி நேரத்தில் இவர்கள் வந்து கெடுக்கிறார்களே என்று எரிச்சல். வானத்தின் வேறொரு மூலையில் அதேபோல் இன்னொன்று கிடைத்த பிறகுதான் அது இயற்கையே என்று தெளிந்தது. சுழலும் ஒருவகை நட்சத்திரம். 1968 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் எல்லாவற்றையும் அச்சிட்டு உலகத்தின் முன் வைத்துவிட்டார்கள்.

1989-இல் பன்னாட்டு விண்வெளி அறிஞர் கழகம் சில விதிகளை எழுதியது. வேற்றுலகச் சமிக்ஞை உறுதியானால் அதை உடனே, ஒளிவுமறைவின்றி உலகத்துக்கே அறிவிக்க வேண்டும்; பன்னாடுகள் கலந்து பேசாமல் எவரும் பதில் அனுப்பக்கூடாது. நல்ல விதிகள்தாம். ஆனால் அவற்றை மீறுகிறவரைத் தண்டிக்கச் சட்டம் எதுவும் இல்லை. ஒரு ஹால்பர்ன் வந்து வாசலில் நின்றால் அந்தக் காகிதம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது என் சந்தேகம்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் அல்லவா? சீனத் தளபதி ஷாங் விண்கலத்தைச் சுடக் கெடு வைத்துவிட்டார். இங்கே முகாமைக் காலி செய்கிறார்கள். ‘ஆயுதம்’ என்று அவர்கள் சொன்னது தங்கள் மொழியைத்தான், அதைக் கொடுக்கத்தான் வந்தார்கள் என்பது லூயிஸுக்கு அப்போதுதான் விளங்குகிறது. அந்த மொழியைக் கற்றவருக்கு வரப்போவதும் தெரியும். மூவாயிரம் ஆண்டு கழித்து நம் உதவி அவர்களுக்குத் தேவைப்படுமாம். சொல்ல வேண்டும், ஆனால் யாரிடம் சொல்வது? எல்லாத் தொடர்பும் அறுந்து கிடக்கிறது.

ஹால்பர்னின் துணைக்கோளத் தொலைபேசி கண்ணில் படுகிறது. எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். துப்பாக்கிகள் அவளை நோக்கி நீள்கின்றன. ஷாங்கின் மனைவி சாகும்போது சொன்ன கடைசி வார்த்தைகளை, அவருடைய மொழியிலேயே, அந்தத் தொலைபேசியில் அவருக்குச் சொல்கிறாள். சீனப் படைகள் பின்வாங்குகின்றன. ஒட்டுக் கேட்டும் மறைத்தும் வந்தவரின் தொலைபேசி அது.