ஆசிரியர் போனால் நடவடிக்கையும் போகுமா?

பொங்கலுக்கு லிட்டில் இந்தியா, பிறகொரு நாள் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் என மாணவர்களை அழைத்துச் செல்வது பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் ஆர்வத்தால் நடப்பது. அனைத்துலகப் பள்ளிகளில் அவர் வெளிநாட்டவராக இருக்கலாம். முதல் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்குத்தான். புதுப்பித்தால் 3 ஆண்டுகள். அதற்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளியானது. வயது கூடினால் அதுவும் கூடும் என்பதால் அனுபவசாலிகளைத் தக்கவைப்பதே பள்ளிகளுக்குச் சிரமம். வாடகையைச் சொல்லவே வேண்டாம்.

கடைக்காரர்களுடன் பழகவே ஓராண்டு ஆகிவிடும். ஆசிரியர் ஊர் திரும்பும்போது அந்தத் தொடர்புகளும் அவருடன் போய்விடுகின்றன. யாரைப் பார்ப்பது, எப்போது போவது என்பதை மாணவர்களே எழுதி வைத்திருந்தால், புதிதாக வருபவர் முதல் மாதத்திலேயே உங்களுடன் பஃப்ளோ ரோட்டுக்குப் புறப்படலாம்.